தில்லி பால்கனியில் குரோக்கஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்ற பிப்ரவரியில் எங்கள் மயூர் விஹார் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தொட்டியின் படத்தைப் போட்டுவிட்டேன். ஊதாவும் வெள்ளையுமாகப் பதினான்கு பூக்கள், ஒவ்வொன்றும் விரல் உயரம். அன்றிலிருந்து லிஃப்டில், பால் பூத்தில், கோயில் பிரகாரத்தில் என்று எங்கே போனாலும் கேள்விதான். கேட்பவர்தான் வேறு, கேள்வி பெரும்பாலும் அதேதான். ஆறு குளிர்காலங்கள் இந்தச் செடியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன் என்ற ஒரே தகுதியில் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதி வைக்கிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

மாமி, இது குங்குமப்பூச் செடிதானே? பாலில் போடலாமா?

பங்காளிச் செடி, அதே செடி அல்ல. பாலில் போடாதீர்கள்.

குரோக்கஸ் என்பது ஒரு பெரிய குடும்பப்பெயர் மாதிரி. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. காஷ்மீரத்தில் பாம்போர் வயல்களில் விளைவதும், பழைய தில்லியின் காரி பாவ்லி மசாலாச் சந்தையில் கேசர் என்று கிராம் கணக்கில் நிறுத்துத் தருவதும் அவற்றுள் ஒன்றான குரோக்கஸ் சடைவஸ். அது பூப்பது அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும். நான் வளர்ப்பவை, குளிர் நாடுகளில் பனி உருகும்போது தலைகாட்டுகிற வசந்தகால இனங்கள்.

நாம் குங்குமப்பூ என்று வாங்குவது பூவின் இதழை அல்ல. பூவின் நடுவிலிருந்து நீண்டு தொங்கும் மூன்று சிவந்த இழைகளை, அதாவது சூலகமுடியை. வசந்தகால குரோக்கஸிலும் ஆரஞ்சு நிறத்தில் சூலகமுடி உண்டு. பார்த்தால் கிள்ளத் தோன்றும். ஆனால் குட்டையாக இருக்கும், அந்த மணமும் சுவையும் அதில் கிடையாது. அசல் குங்குமப்பூவிலேயே ஒரு கிராம் உலர்ந்த இழைக்கு ஏறக்குறைய 150 பூக்கள் வேண்டும். ஒரு பால்கனி முழுவதும் தொட்டி வைத்தாலும் ஒரு பண்டிகைப் பாயசத்தைத் தாண்டாது.

மருமகள் உண்டாகியிருக்கிறாள், குழந்தை சிவப்பாகப் பிறக்க இரண்டு இழை கொடு என்று ஒருவர் கேட்டார். குழந்தையின் நிறம் பால் டம்ளரிலிருந்து வருவதில்லை என்றேன். அவருக்கு என் பதில் பிடிக்கவில்லை.

இலையுதிர்கால குரோக்கஸ் என்று ஒன்றை இணையத்தில் விற்கிறார்களே, அது வேறா?

வேறுதான். இதில் விளையாடக் கூடாது. அந்தப் பெயரில் வருவது பல சமயம் கால்ச்சிகம் என்ற செடி. பூவின் வடிவம் குரோக்கஸை அப்படியே உரித்து வைத்தாற்போல இருக்கும். குடும்பமோ முற்றிலும் வேறு. அதன் கிழங்கு, இலை, விதை எல்லாவற்றிலும் கால்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. நம் ஊர்ச் செங்காந்தள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கண்வலிக்கிழங்கு என்று மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அதேதான். அந்தக் கிழங்கைத் தின்றால் என்ன ஆகும் என்று ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கால்ச்சிகத்தையும் அதே பயத்தோடு பாருங்கள்.

அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. பூவுக்குள் மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் குரோக்கஸ், ஆறு இருந்தால் கால்ச்சிகம். குரோக்கஸின் இலை புல் மாதிரி ஒடுங்கி, நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டோடு இருக்கும். கால்ச்சிகத்தின் இலை அகலமானது, கோடு கிடையாது. இமயமலைப் பக்கம் பனி உருகும் காலத்தில் தரையோடு தரையாக மஞ்சளாகப் பூப்பதைப் படம் எடுத்து ‘காட்டு குரோக்கஸ்’ என்று அனுப்புகிறார்கள். அது பெரும்பாலும் கால்ச்சிகம் லூட்டியம். யுனானி மருந்துக்கடைகளில் சுரஞ்சான் என்று சொல்வது இந்த வகைக் கிழங்கைத்தான்.

தில்லியில்தான் பல் கிட்டுகிற குளிர் இருக்கிறதே, நடுவதற்கு முன் கிழங்கை ஃபிரிட்ஜில் வைப்பது எதற்கு?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. முதல் வருஷம் நானும் இப்படித்தான் நினைத்தேன். கிழங்கை நவம்பரில் நேராக மண்ணில் புதைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஜனவரியில் புல் மாதிரி இலை வந்தது. மார்ச்சில் அதுவும் போனது.

குளிரின் கடுமை குரோக்கஸுக்கு முக்கியம் அல்ல. எத்தனை நாள் விடாமல் குளிர்கிறது என்பதுதான் கணக்கு. ஏறக்குறைய 2 டிகிரியிலிருந்து 9 டிகிரி வரையான குளிர், பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாமல் வேண்டும். தில்லியில் இரவு 9 டிகிரிக்குக் கீழே போவது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை. அந்த நாட்களிலும் பகலில் 20 டிகிரியைத் தொட்டுவிடும், வெயில் படும் தொட்டியின் மண் அதற்கு மேலும் சூடேறும். நமக்கு ஸ்வெட்டர் போட வைக்கிற குளிர் கிழங்குக்கு அரைத் தூக்கம் மாதிரி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் கிழங்கை வாங்கும்போதே பூ அதற்குள் உருவாகியிருக்கிறது. முந்தைய கோடையில், கிழங்கு மண்ணிலோ கிடங்கிலோ உறங்குவதுபோல் கிடக்கும்போது, உள்ளே மொட்டு கட்டிவிடும். கத்தியால் நெடுக்காகப் பிளந்து பார்த்தால் சின்னஞ்சிறு மொட்டு தெரியும். குளிர் புதிதாகப் பூவைச் செய்வதில்லை. கட்டிவைத்த பூ நீண்டு வெளியே வர அனுமதி தருகிறது, அவ்வளவுதான். குளிர் போதாவிட்டால் மொட்டு இலைகளுக்கு நடுவிலேயே கருகிவிடும். ஆகவே முதல் வருஷப் பூவுக்கான பாராட்டில் பெரும்பங்கு எங்கோ ஹாலந்தில் அந்தக் கிழங்கை விளைவித்தவருக்கு. நமக்கு உரியது ஃபிரிட்ஜ் வாடகைக்கான பங்கு மட்டும்.

பிப்ரவரியில் சாந்தி பாத் சாலையோரம் டூலிப் பூக்கள் வரிசையாக நிற்கின்றனவே, அவை மட்டும் எப்படி வருகின்றன என்று உடனே கேட்பீர்கள். புது தில்லி நகராட்சி மன்றம் நெதர்லாந்திலிருந்து டூலிப் கிழங்குகளை வரவழைக்கிறது. குளிர்பதனம் செய்து வைத்து, டிசம்பர் வாக்கில் நடுகிறார்கள். அவர்களிடம் இருப்பது பெரிய ஃபிரிட்ஜ், நம்முடையது சின்னது. வித்தியாசம் அளவில்தான்.

ஃபிரிட்ஜில் எந்த இடத்தில், எப்படி வைக்க வேண்டும்?

காய்கறிப் பெட்டியில் வைக்க வேண்டும். மேலே உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும். அக்டோபர் முதல் வாரத்தில் உள்ளே போனால் டிசம்பர் கடைசி வாரத்தில் வெளியே எடுக்கலாம். பழுப்புக் காகிதப் பையிலோ வலைப்பையிலோ போடுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு முடிச்சுப் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நீலப் பூசணம் இலேசாகப் படர்ந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். அமுக்கினால் குழைகிற கிழங்கை உடனே எறிந்துவிடுங்கள், பக்கத்தில் உள்ளதையும் கெடுக்கும்.

பழங்களோடு மட்டும் சேர்த்து வைக்கவே கூடாது. ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அது கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. மூன்று மாதம் பொறுமையாகக் காத்திருந்து பூ வராதபோதுதான் தெரியும். அக்டோபரில் சிம்லா ஆப்பிள் மலிவாகக் கிடைக்கிற ஊரில் இதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. மூன்று மாதமும் எங்கள் வீட்டில் ஆப்பிள் மேசையில்தான் இருக்கும், வாங்குவதும் நான்கு நான்காகத்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குரோக்கஸ் கிழங்கு உருவத்தில் சின்ன வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. மேலே தேங்காய் நார் மாதிரி ஒரு உறை, உள்ளே வெளுப்பு. இரண்டாவது வருஷம் என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். தில்லியில் சின்ன வெங்காயம் கிடைப்பதே அரிது. கிடைத்ததை மருமகள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். நான் சமையலறைக்குள் போனபோது அரிவாள்மனைக்குப் பக்கத்தில் ஒன்பது கிழங்கு உரித்துக் கிடந்தது. “என்ன வெங்காயம்டி இது, உரிக்க உரிக்க மடலே வரவில்லை, கண்ணும் எரியவில்லை” என்றார். நல்ல வேளையாகக் குழம்பு கொதிக்கவில்லை. அன்றிலிருந்து பையின் மேல் சிவப்பு மையில் ‘சமையலுக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டுகிறேன். நீங்களும் ஒட்டுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம் ஒட்டுங்கள்.

மாமியாரின் கண் சரியாகத்தான் பார்த்தது. வெங்காயம் மடல் மடலாக அமைந்த குமிழம். குரோக்கஸுடையது கந்தம், சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் மாதிரி உள்ளே கெட்டியான, மடல் இல்லாத தண்டு. வசதிக்காகத்தான் நான் கிழங்கு என்று எழுதுகிறேன்.

கிழங்கு எங்கே கிடைக்கும்? எப்படிப் பார்த்து வாங்குவது?

செப்டம்பர் கடைசியிலிருந்து இணையக் கடைகளில் வரும். ஜோர் பாக் பக்கத்து நர்சரிகளில் கேட்டால் சில வருஷம் இருக்கும், சில வருஷம் கையை விரிப்பார்கள். உங்கள் தோட்டக்கார மாலியிடம் சொல்லிவைத்தால் குங்குமப்பூக் கிழங்கையோ கிளாடியோலஸையோ கொண்டுவந்து கொடுப்பார். அவர்மேல் தப்பில்லை, கிடைப்பதைத்தானே கொண்டுவர முடியும்.

கிழங்கின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் சொல்லித்தான் விற்பார்கள். பெரிய பூ வகைகளுக்கு 9 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நல்லது. சின்னப் பூ வகைகளின் கிழங்கு இயல்பாகவே சிறியது, 5 இருந்தாலே பூக்கும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். தக்கை மாதிரி இலேசாக இருந்தால் உள்ளே உலர்ந்துவிட்டது என்று பொருள். நவம்பருக்குப் பிறகு ‘பாதி விலை’ என்று வருவதை வாங்காதீர்கள். பன்னிரண்டு வாரக் குளிர் கொடுத்து முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

பெண் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறாள். வரும்போது பெட்டியில் போட்டு எடுத்துவரச் சொல்லலாமா?

வேண்டாம். நடுவதற்கான கிழங்கு, விதை, கன்று எதையும் நாட்டுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். விமான நிலையக் கடைகளில் அழகான உறையில் விற்பதால் மட்டும் அது சட்டப்படி ஆகிவிடாது. நோயும் பூச்சியும் கிழங்கோடு இலவசமாக வரும் என்பதுதான் காரணம். பெண் சாக்லேட் வாங்கி வரட்டும்.

முதன்முறை வளர்ப்பவர்களுக்கு எந்த வகை நல்லது?

பெரிய பூ பூக்கும் டச்சு வகைகள். குரோக்கஸ் வெர்னஸ் என்ற இனத்திலிருந்து வந்தவை. வெளிர் நிறத்தில் ஊதாக் கோடு போட்ட பிக்விக், வெள்ளையில் ஜான் டார்க், அடர் ஊதாவில் ரிமெம்பரன்ஸ். மூன்றும் எனக்குப் பூத்திருக்கின்றன. மூன்றில் ஒன்றைச் சொல் என்றால் பிக்விக்தான். கசங்கிய பட்டுப் பாவாடைபோல் ஒவ்வொரு இதழிலும் கோடு வேறுவேறாக ஓடும்.

குரோக்கஸ் கிரிசாந்தஸ் வகைகள் இவற்றுக்குச் சில நாள் முந்திப் பூக்கும். பூ சிறியது, ஒரு கிழங்குக்கு எண்ணிக்கை அதிகம். தோமாசினியானஸ் என்று மெலிந்த, வெளிர் ஊதாவான ஒன்றும் உண்டு. இத்தாலியின் திரியெஸ்த் நகர மேயராகவும் தாவரவியலாளராகவும் இருந்த தொமாசினியின் பெயரை வைத்தது. ஐரோப்பாவில் புல்வெளியில் தானே விதை சிந்திப் பரவும் இனம். என் தொட்டியில் அதற்கு அப்படியொரு எண்ணமே வரவில்லை.

எப்போது நடுவது? என்ன மண், என்ன ஆழம்?

டிசம்பர் கடைசி வாரம். பத்தாவது வாரத்திலேயே ஃபிரிட்ஜுக்குள் வெள்ளை முளை எட்டிப்பார்த்தால் பதற வேண்டாம், அப்போதே நட்டுவிடுங்கள்.

தண்ணீர் தேங்காத மண், இது ஒன்றுதான் நிபந்தனை. இரண்டு பங்கு பழைய தோட்ட மண், ஒரு பங்கு பதர்பூர் மணல், ஒரு பங்கு மக்கிய இலை உரம் என்பது என் கலவை. கட்டடம் கட்டும் இடங்களில் குவித்திருக்கும் கரடுமுரடான செம்மணல்தான் பதர்பூர். யமுனையின் நைஸ் மணலைப் போட்டால் மண் இறுகிவிடும். தென்னைநார்த் தூளை அதிகம் சேர்க்காதீர்கள், குளிரில் ஈரத்தை விடவே விடாது. தில்லி மண்ணும் தண்ணீரும் காரத்தன்மை உள்ளவை, ரோஜாக்காரர்கள் அதற்காகப் புலம்புவார்கள். குரோக்கஸுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எட்டு அங்குல மண்தொட்டியில் பன்னிரண்டு முதல் பதினைந்து கிழங்கு வைக்கலாம். ஒன்றையொன்று தொடாமல், ஆனால் நெருக்கமாக வைக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து போவதுபோல இடம் விட்டு நட்டால் பூக்கும்போது சோகையாக இருக்கும். கூரான பக்கம் மேலே. கிழங்குக்கு மேல் இரண்டு அங்குல மண். தரையில் நடுவதென்றால் மூன்று, நான்கு அங்குலம். எது மேல் பக்கம் என்று தெரியாவிட்டால் படுக்கை வசத்தில் வைத்துவிடுங்கள், முளை தானே வழி கண்டுபிடிக்கும்.

வீட்டில் இரண்டாவது ஃபிரிட்ஜ் இருக்கும் பாக்கியசாலிகள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். எட்டு வாரம் கிழங்காக வைத்துவிட்டு, பிறகு தொட்டியில் நட்டு, ஈரத்தோடு தொட்டியையே நான்கைந்து வாரம் உள்ளே வைக்கலாம். இருட்டிலும் குளிரிலும் வேர் நன்றாக இறங்கும், பூவும் உறுதியாக வரும்.

தண்ணீர்? உரம்?

நட்டதும் ஒரு முறை நிறைய விட வேண்டும். பிறகு மேல் மண் காய்ந்தால் மட்டும். ஜனவரிப் பனிமூட்டத்தில் வாரம் ஒரு தடவையே அதிகம். உரம் தேவையில்லை, கிழங்குக்குள் கட்டுச்சோறு இருக்கிறது.

மொட்டு வந்துவிட்டது, ஆனால் நாலு நாளாக விரியவே இல்லை. என்ன செய்வது?

வெயில் வந்ததா என்று முதலில் சொல்லுங்கள். குரோக்கஸ் சூரியனைப் பார்த்துக் கடை திறக்கிற பூ. வெப்பம் சில டிகிரி ஏறினால் இதழின் உட்புறம் வெளிப்புறத்தைவிட வேகமாக வளர்ந்து பூவை விரிக்கும். குளிர்ந்தால் வெளிப்புறம் வளர்ந்து மூடும். மாலையில் மூடி, காலையில் திறந்து, ஒவ்வொரு தடவையும் இதழ் கொஞ்சம் நீளும். கடைசி நாள் பூ முதல் நாள் பூவைவிடப் பெரிதாக இருப்பது இதனால்தான்.

ஆகவே பனிமூட்டம் கவிந்த நாட்களில் அது மூடியே கிடக்கும். அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் தொட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து விளக்கின் கீழே வையுங்கள். காபி ஆறுவதற்குள் விரிய ஆரம்பித்துவிடும். விருந்தாளிகள் முன்னால் நான் செய்கிற வித்தை இது. வித்தை முடிந்ததும் வெளியே வைத்துவிட வேண்டும், அறைச் சூட்டில் பூவின் ஆயுள் பாதியாகக் குறையும்.

தெற்குப் பார்த்த பால்கனிதான் சிறந்தது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து நகர்வதால் வெயில் சுவர் வரை உள்ளே வரும். கிழக்கு பரவாயில்லை. வடக்குப் பால்கனிக்காரர்கள் மொட்டைமாடி அனுமதிக்குச் சங்கச் செயலாளரைப் போய்ப் பாருங்கள்.

எவ்வளவு நாள் பூ நிற்கும்?

ஒரு பூ மூன்று நான்கு நாள். ஒரு கிழங்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று பூ வரும். மொத்தத்தில் ஒரு தொட்டி எட்டிலிருந்து பத்து நாள். பெரும்பாலும் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். 2023இல் நான் நடத் தாமதித்துவிட்டேன். அந்தப் பிப்ரவரியில் இந்தியாவின் சராசரிப் பகல் வெப்பம் 1901க்குப் பிறகு எந்தப் பிப்ரவரியிலும் இல்லாத அளவுக்கு ஏறியது என்று வானிலைத் துறை பிற்பாடு சொன்னது. என் தொட்டி அதை முன்னமே சொல்லிவிட்டது. நான்கே நாளில் எல்லாம் வதங்கி, ஈரக் காகிதம்போல் மண்ணில் படுத்துவிட்டன.

அணிலும் எலியும் தோண்டிவிடாதா?

தோண்டும். நட்ட முதல் வாரம்தான் ஆபத்து, புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்டால் அணிலுக்குக் கை சும்மா இருக்காது. தொட்டியின் மேல் கம்பி வலையைக் கவிழ்த்துக் கல்லை வைத்துவிடுங்கள். முளை வலையைத் தொட்டதும் எடுத்துவிடலாம். மிளகாய்த்தூள் தூவச் சொல்வார்கள். நானும் தூவினேன், காற்றடித்து என் கண்ணில்தான் விழுந்தது. புறா மொட்டைக் கொத்தும், சிட்டுக்குருவிக்கு மஞ்சள் பூ என்றால் தனிப் பிரியம். குரங்கு வந்தால் எனக்குத் தெரிந்த பரிகாரம் எதுவும் இல்லை. தொட்டியையே தூக்கி வீட்டுக்குள் வையுங்கள்.

இலை செழிப்பாக வந்தது. பூ மட்டும் இல்லை. ஏன்?

குளிர் போதவில்லை, அல்லது பழத்தோடு இருந்தது, அல்லது கிழங்கு சிறியது. மொட்டு வெளியே வந்து காகிதமாகக் காய்ந்தால் காரணம் வேறு. வேர் இறங்குவதற்கு முன்பே சூடு தாக்கியிருக்கும், அல்லது ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் ஊருக்குப் போயிருப்பீர்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அதே கிழங்கை எடுத்து வைத்து அடுத்த வருஷமும் நடலாமா?

நடலாம், பூக்காது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. நம்மவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராது.

பூ முடிந்ததும் பழைய கிழங்கு சுருங்கி, அதன் தலைமேல் புதுக் கிழங்கு உருவாகும். வருஷாவருஷம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் கடைசியில் மண்ணுக்கு வெளியே வந்துவிட வேண்டுமே என்று தோன்றும். அதற்கென்றே சுருங்கும் வேர்கள் இருக்கின்றன, புதுக் கிழங்கைக் கீழே இழுத்து இருக்க வேண்டிய ஆழத்தில் வைத்துவிடும். இந்த ஏற்பாட்டைப் படித்தபோது நான் அசந்துபோனேன். ஆனால் புதுக் கிழங்கு பருக்க வேண்டுமானால், பூவுக்குப் பிறகு இலைகள் இரண்டு மாதமாவது குளிர்ந்த வெயிலில் பச்சையாக நிற்க வேண்டும். ஐரோப்பாவில் மே மாதம் வரை நிற்கும். தில்லியில் ஹோலி முடிந்ததும் வெப்பம் 30ஐத் தாண்டும், இலை மஞ்சளாகிவிடும். புதுக் கிழங்கு அரைவயிற்றோடு உறங்கப் போகும்.

மூன்று வருஷம் எடுத்து வைத்துப் பார்த்தேன். இருபது கிழங்கிலிருந்து கிடைத்தவை கொண்டைக்கடலைக்கும் சுண்டைக்காய்க்கும் நடுவிலான அளவு. மணலில் போட்டு, கோடை முழுவதும் நிழலில் வைத்து, மறுபடி ஃபிரிட்ஜ் வாசம் முடித்து நட்டேன். புல்தான் வந்தது. தரையிலேயே விட்டவை ஜூலை மழையில் அழுகிக் கூழாகிவிட்டன. கோடையில் வறண்டு கிடந்து, குளிரில் நனைய வேண்டிய செடி இது. நம் பருவமழையோ நேர் எதிரான கணக்கு வைத்திருக்கிறது. இப்போதெல்லாம் இலை வாடியதும் எருக்குழியில் சேர்த்துவிடுகிறேன். இதைத் தில்லியில் ஒரு குளிர்காலத்து விருந்தாளி என்று எடுத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

மண்ணே இல்லாமல் கண்ணாடிக் குவளையில் வளர்க்கலாம் என்கிறார்களே?

முடியும். குளிர் கொடுத்த கிழங்கின் அடி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி, கழுத்து குறுகிய சின்னக் குவளையில் வைத்து, வேர் இறங்கும் வரை இருட்டான குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கிழங்கு நீரில் மூழ்கினால் நாறும். அழகாகத்தான் இருக்கும், மேசையில் வைக்கலாம்.

தங்கை பெங்களூரில் இருக்கிறாள், அண்ணன் சென்னையில். அவர்களும் முயலலாமா?

பெங்களூரில் ஜனவரி இரவே 15 டிகிரிப் பக்கம்தான். ஃபிரிட்ஜிலேயே தொட்டியோடு வேர் விடவைத்து, வெளியே எடுத்த சில நாளில் பூக்கிற மாதிரி செய்தால் பார்க்கலாம். உழைப்பு இரட்டிப்பு, பூ பாதி. சென்னைக்காரர் பணத்தை மிச்சப்படுத்தட்டும். உதகையிலோ கொடைக்கானலிலோ யாராவது இருந்தால் அவர்கள் கட்டாயம் முயல வேண்டும். இரவுக் குளிர் அங்கே இயற்கையாகவே கிடைக்கிறது.

இத்தனை பாடு எனக்கு ஒத்துவராது. இதே மாதிரி வேறு ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. ஃபிரிட்ஜ் கேட்காதவை. அக்டோபரில் நர்சரிகளில் நர்கிஸ், அதாவது நார்சிசஸ் கிழங்கு வரும். அப்படியே நட்டால் டிசம்பர், ஜனவரியில் கொத்துக் கொத்தாகப் பூத்து வாசல் வரை மணக்கும். ஃப்ரீசியா குரோக்கஸின் தூரத்து உறவு, தென்னாப்பிரிக்கச் செடி. மிதமான குளிரே அதற்குப் போதும் என்பதால் தில்லிக் குளிர்காலத்தில் மகிழ்ச்சியாக இருக்கும், மணமும் உண்டு.

குரோக்கஸின் முகஜாடைதான் வேண்டும் என்றால் மழை லில்லி. குடும்பம் வேறு. ஆனால் புல் மாதிரி இலை, தரைக்குச் சற்று மேலே கிண்ணம்போல் ஆறு இதழ், வெள்ளை, மஞ்சள், ரோஜா நிறங்கள். நம் ஊர் வீடுகளில் கிணற்றடி ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். ஜூன் வெயிலைத் தாங்கிக்கொண்டு, நல்ல மழை பெய்த மூன்றாம் நாள் நான்காம் நாள் ஒரேயடியாகப் பூக்கும். கிழங்கு தானே பெருகும், எடுத்து வைக்க வேண்டாம், யாரும் சாம்பாருக்கு உரித்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், அதுவும் நஞ்சுதான். என்னிடம் ரோஜா நிறத்தில் இரண்டு தொட்டி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. வேண்டியவர்கள் மே மாதக் கடைசிக்குள் ஒரு துணிப்பையோடு மூன்றாம் மாடிக்கு வரலாம். மாலை ஐந்துக்குப் பிறகு வந்தால் காபியும் கிடைக்கும்.